மூன்றாம் துண்டு நைதெனிடம் இருக்கிறது

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு பெண், ரொட்டிக் கத்தியால் மூன்றாக வெட்டப்பட்ட என் நாவலில் இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து என் சமையலறை மேசைமேல் போட்டாள். அதிலிருந்து பிறந்தது இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு தெரிந்து, "யாரிடமோ கேட்டதை எழுதிவிட்டான் கிழவன்" என்று நீங்கள் முணுமுணுக்க வேண்டாம்.

நான் சதி நாவல் எழுதுகிறவன். ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகிற வகை. பாதி வரலாறு, பாதி கட்டு. எங்கள் விதின் நகரத்தின் கடைசி அரசனைத் துருக்கியர் பிடித்துக்கொண்டு போனது உண்மை. போகுமுன் அவன் ஆற்றங்கரைக் கோட்டைக்கடியில் ஏழு பெட்டி நிறையச் சுவடிகளைப் புதைத்தான் என்பது நான் விட்ட கதை. அந்தப் பெட்டிகளைக் காக்க ஒரு ரகசியச் சபை இருக்கிறது. அறுநூறு வருஷமாகச் சத்தமில்லாமல் ஆளைத் தீர்த்துக்கட்டி வருகிறது. இதுவும் நான் விட்டதுதான். எல்லாம் முடிந்தபிறகு, எது உண்மை எது புனைவு என்று கடைசிப் பக்கங்களில் ஒரு குறிப்பு வைப்பேன். அந்தக் குறிப்பை மட்டும் நீங்கள் தாராளமாக நம்பலாம். [பெரும்பாலும்.]

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அக்டோபர் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை வேன்"

அடித்துவிட்டேன். அன்றைக்கு மூடுபனி இல்லை. நல்ல வெயில். என் பேனாவுக்குச் சாவு என்றாலே மூடுபனி வந்துவிடும், பழக்கதோஷம்.

இரண்டாவது தொடக்கம்:

"லியூபெனைக் கொன்றது யார் என்பதை அறிந்தவர் இந்த ஊரில்"

இதையும் பாதியில் விட்டேன். இப்படி ஆரம்பித்தால் யாரோ கொன்றார்கள் என்று ஆகிவிடுகிறது. பிரச்சினையே அதில்தான்.

2

மூன்று பேர். வெலிச்கா, எங்கள் தெரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் கணவன் லியூபென், நாட்டு எல்லையான ஆற்றுப்பாலத்தில் சுங்கத்துறைக்காரன். எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். அவளுடைய தம்பி நைதென், தக்காளியும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு தலைநகர் சோபியாவுக்கு வேன் ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் வீடு. மாடியில் அக்காவும் அத்தானும், கீழே தம்பி. இரண்டுக்கும் நடுவே சுவரை ஒட்டி வெளியே ஒரு படிக்கட்டு.

என்னுடைய புது நாவல் வந்தால் அந்த வீட்டில் ஒரே ஒரு பிரதிதான் வாங்குவார்கள். மூன்று வாங்கினால் எனக்கு நல்லது என்று பலமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒரு பிரதிக்கு மூன்று பேரும் எப்படிக் காத்திருப்பது? லியூபென் ரொட்டிக் கத்தியை எடுத்து, புத்தகத்தின் முதுகில் வைத்து, மூன்றாக வெட்டிவிடுவான். முதல் துண்டு நைதெனுக்கு. அவன் படித்து முடித்து அத்தானிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் துண்டுக்குப் போவான். அத்தான் வெலிச்காவிடம் கொடுப்பான். வெலிச்கா எப்போதும் கடைசி. ஏனென்றால் அவள் வாயில் ரகசியம் தங்காது.*

சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் படித்தவன் பின்னால் வருகிறவனிடம் மூச்சு விடக்கூடாது.

லியூபென் ஓரத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே படிப்பான். வரலாற்று உண்மை என்று தோன்றினால் கூட்டல் குறி, நான் அளந்தது என்று தோன்றினால் வட்டம். கடைசிக் குறிப்போடு ஒப்பிட்டு, தப்பு அதிகமானால் அந்த வாரம் முழுக்க அடித்தளத்திலிருந்து விறகு சுமக்க வேண்டியது அவன் பொறுப்பு. குறைவாக இருந்தால் நைதென் பொறுப்பு.

"அத்தான், சொல்லக்கூடாதுதான்... ஆனா அந்தப் பாதிரியார் இருக்காரு பாருங்க..."

"டேய், வாய மூடு! வெலிச்கா, உன் தம்பி வாயில ஒரு வாய் பனித்ஸாப் பலகாரத்தத் திணி, மொத்தத்தையும் கொட்டிருவான் போல."

"அவரு நல்லவரா கெட்டவரான்னு நான் சொல்லவே இல்லையே."

"நீ சிரிக்கிறியே, அது போதாதா? கீழ எறங்கிப் போ. முடிக்கிற வரைக்கும் உன் மூஞ்சிய நான் பாக்கக் கூடாது."

(* இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டார்கள். மிளகாய்ச் சட்னியும் பிளம் சாராயமும் வைத்துவிட்டு, என் கண்ணெதிரிலேயே என் புத்தகத்தை வெட்டினான் லியூபென். "வலிக்குதா அண்ணே?" என்றும் கேட்டான். வலித்தது. சொல்லவில்லை. ஆனால் என்னை இவ்வளவு ஆசையாகப் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை.)

3

நடந்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம். சதி எதுவும் இல்லாததால் நீளாது.

போன வருஷம் அக்டோபரில், சோபியாவில் சரக்கை இறக்கிவிட்டு நைதென் திரும்பிக்கொண்டிருந்தான். கண் பரிசோதனைக்காகக் கூடப் போயிருந்த லியூபென் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பட்டப்பகல், காலியான சாலை. வேன் மெதுவாகச் சாலையை விட்டு விலகி, ஓரத்து வால்நட் மரத்தில் மோதியது. நைதெனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. லியூபென் அங்கேயே போய்விட்டான்.

நைதென் குடித்திருக்கவில்லை. பிரேக் சரியாக இருந்தது. டயர் புதியது. போலீஸ்காரர்கள் என்னைவிடக் கற்பனை வளம் குறைந்தவர்கள், ஆகவே காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். தவிர, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவனே சொல்லிவிட்டான்: "நான் தூங்கிட்டேன்."

வெலிச்கா அன்றிலிருந்து தம்பியிடம் பேசவில்லை. ஒரே வீடு. அவள் மாடியில் நடப்பது அவனுக்குக் கேட்கும். அவன் கீழே இருமுவது அவளுக்குக் கேட்கும். நாற்பதாம் நாள் கல்லறைத் தோட்டத்தில், வேகவைத்துச் சர்க்கரை கலந்த கோதுமையை வந்தவர்களுக்கெல்லாம் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். வாங்கியவர்கள் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று இறந்தவனுக்காகச் சொன்னார்கள். வாசல் கம்பிக்கு வெளியே நைதென் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். கிண்ணத்தில் கோதுமை மிச்சம் இருந்தது.

[இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒரு கடுமையான வாக்கியம் எழுதி அடித்திருக்கிறேன். யாருக்கு யாரைக் கண்டிக்க என்ன தகுதி?]

4

இப்போது சமையலறை மேசைக்கு வருகிறேன். போன மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது வெலிச்கா வந்தாள். பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் படத்தோடு தாள் அடித்து வீட்டுக் கதவிலும் தெருக் கம்பங்களிலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. மேலே பெயர், நடுவில் இரண்டு வரி, கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். தெருவில் எழுத்தாளன் என்று இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்த இரண்டு வரி என் தலையில் விழும்.

"வருஷம் வரப்போகுது அண்ணே. ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வானம் அழுதுச்சு, மேகம் அழுதுச்சுன்னெல்லாம் வேணாம். அவரு பாத்தா வட்டம் போட்டுருவாரு."

"சரி. கீழ யாரு பேரு?"

"என் பேரு."

"அப்புறம்?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். காப்பி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அதுக்குத்தான் இதையும் கொண்டாந்தேன்," என்று துண்டுகளைத் தட்டினாள். "இந்த ரெண்டும் நான் படிச்சிட்டேன். மூணாவது அவருகிட்ட இருந்துச்சு. இப்ப கீழ அவன்கிட்ட இருக்கு. போலீஸ்காரங்க வண்டியில இருந்த சாமானெல்லாம் அவன்கிட்டதான் குடுத்தாங்க."

"முடிவு என்னன்னு நான் சொல்றேனே, எழுதினவன் நான்தானே."

"வாயத் தொறந்தீங்க, கொன்னுருவேன்!" என்றாள். அப்படியே லியூபெனின் குரல். பிறகு அவளுக்கே அது தெரிந்து முகம் வாடியது. துண்டுகளின் ஓரத்தைச் சேர்த்து நேராக்கியபடி கேட்டாள்: "உங்க புத்தகத்துல எவனாவது தூங்கி வழிஞ்சு, அதனால ஒருத்தர் செத்திருக்காரா?"

"இல்ல."

"ஏன்?"

"அப்படி எழுதினா படிக்கிறவங்க புத்தகத்தத் தூக்கி எறிஞ்சிருவாங்க, வெலிச்கா."

"நான் எங்க எறியறது?"

நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

"எனக்கு ஒரு கதை எழுதுங்க அண்ணே. பாலத்துல அவரு எதையோ பாத்துட்டாரு. லாரியில ஒரு பெட்டி, உங்க ஏழு பெட்டியில ஒண்ணுன்னே வெச்சுக்கங்க. பாத்ததால ஆள் வெச்சுப் பிரேக்க அறுத்துட்டாங்க. அப்படி எழுதுங்க."

"அது பொய்யின்னு உனக்கே தெரியுமே."

"தெரியும். பொய்யின்னு தெரிஞ்சுதானே இத்தன வருஷம் படிச்சோம்? எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு." துண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவன் என் தம்பி. என் கையில வளந்தவன். அவன்கூடப் பேசணும்னுதான் இருக்கு, வாய் வரமாட்டேங்குது. ஒரு கதையிலயாவது அவன் முழிச்சிருக்கட்டும்."

5

இங்கே கதையை நிறுத்தி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

சதி நாவல்களை மட்டமானவை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையையும் பொய்யையும் கலந்து மக்களைக் கெடுக்கிறோமாம். இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, அந்த வாசகன் பொய்யை நம்புவதற்காக வருவதில்லை. ஒரு ராத்திரிக்காவது, ஒரு ரயில் பயணத்துக்காவது, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிற ஊரில் தங்கிவிட்டுப் போக வருகிறான். அங்கே ஒரு ஜன்னல் திறந்திருந்தால் யாரோ திறந்தார்கள் என்று அர்த்தம். ஒருவன் செத்தால், அவனைக் கொல்லும் அளவுக்கு அவன் முக்கியமானவன் என்று அர்த்தம். நம் வீட்டுச் சாவுகளில் அந்த மரியாதை கிடைப்பதில்லை.

எழுத ஒப்புக்கொண்டேன். ஆனால் நைதென் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை எழுதினேன். ஒன்றில் கோழையாக வந்தான், ஒன்றில் புனிதனாக. [மூன்றாவதில் ரகசியச் சபையின் உளவாளியாகவே ஆகிவிட்டான், மன்னிக்கவும்.] கடைசியில், செய்ய வேண்டியதைச் செய்தேன். தெருவைக் கடந்துபோய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

இளைத்துப் போயிருந்தான். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான், மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறானாம். எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா அனுப்புச்சா?"

"இல்ல. நானா வந்தேன்."

"அதானே." சிரிக்கப் பார்த்தான். "மேல நடக்குற சத்தம் கேக்கும் அண்ணே. நின்னா பயமாயிருக்கும். மறுபடி நடந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்."

அன்றைக்கு வேனில் என்ன நடந்தது என்று கேட்டேன். யாரும் இதுவரை அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. தூங்கிட்டேன் என்று அவன் சொன்னதும் எல்லோருக்கும் வந்த வேலை முடிந்துவிட்டது.

"அத்தான் பக்கத்துல உக்காந்து படிச்சிட்டே வந்தாரு. மூணாவது துண்டு. எனக்கு முடிவு தெரியும். அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வரும்போது அவரு மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. கடைக்கண்ணால பாத்துக்கிட்டே ஓட்டினேன். தூக்கம் கண்ணச் சுழட்டுச்சு. வாயத் தொறந்து ஏதாச்சும் பேசினா தூக்கம் போயிரும்னு தெரியும். ஆனா பேசினா... எனக்குச் சிரிப்பு வந்துரும், அவரு கண்டுபிடிச்சிருவாரு. கடைசி நேரத்துல கெடுக்கக் கூடாதேன்னு சும்மா வந்தேன்."

முறிந்திருந்த தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தொடர்ந்தான்.

"திடீர்னு சிரிச்சாரு. 'கிழவன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்டா'ன்னாரு. அதுதான் நான் கடைசியாக் கேட்டது. எந்தப் பக்கத்துல சிரிச்சாருன்னு தெரியல. துண்டு இருக்கு. ரொட்டிப் பையில சுத்தி வெச்சிருக்கேன். பிரிச்சுப் பாக்கல. அவரு பென்சில் எங்க நின்னுருக்கோ, அத அக்காதான் மொதல்ல பாக்கணும். வரிசைல அடுத்தது அதுதானே."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவாமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் இன்னொருவனுடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டான். அதில் ஒரு உயிர் போனது. இதை எந்த ரகசியச் சபைமேல் போடுவது? அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கலாம். வழக்கமாக நான் மோசமாகத்தானே எழுதுகிறேன்.

6

ஆனாலும் வெலிச்கா கேட்ட கதையை எழுதிக் கொடுத்தேன். ஒரு பகுதி இது:

"பாலத்தில் அந்த லாரியைத் திறக்கச் சொன்ன கணமே லியூபெனின் விதி எழுதப்பட்டுவிட்டது. பெட்டியின் மூடியில் அரச முத்திரை. இரண்டு நாள் கழித்து, சோபியாவில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, தொப்பி அணிந்த ஒருவன் வேனுக்கு அடியில் படுத்து எழுந்தான். நைதென் விழித்திருந்தான். பிரேக்கை மிதித்தான், மறுபடி மிதித்தான். பாதம் தரையைத் தொட்டது. மரம் நெருங்கும் வரை லியூபென் சிரித்துக்கொண்டிருந்தான்."

ஒரு வாரம் கழித்துத் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஓரம் முழுக்கப் பென்சில் குறிகள். லியூபென் வீட்டில் வைத்திருந்த பென்சில், பின்பக்கம் அவன் கடித்தது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. தொப்பிக்காரன் வர்ற இடம் பிரமாதம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா வேலைக்காகல."

பார்த்தேன். அரச முத்திரைக்கு வட்டம். தொப்பிக்காரனுக்கு வட்டம். "நைதென் விழித்திருந்தான்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம். மெல்லியது, அழித்து மறுபடி போட்டது.

"போடக் கூடாதுன்னுதான் உக்காந்தேன். கை தானாப் போட்டுருச்சு."

கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் குறி இல்லை. பென்சில் முனை ஊன்றிய ஒரு புள்ளி.

"இதுக்கு என்ன போடறதுன்னு தெரியல. கடைசில குறிப்பு வெப்பீங்களே, எது நெசம் எது கட்டுன்னு. இதுல வெக்கலையே?"

காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தேன். சர்க்கரை டப்பாவையும் நகர்த்தினேன். நகர்த்த வேறு எதுவும் இல்லை.

"அண்ணே. அவரு சிரிச்சாரா?"

"அதுக்குக் கூட்டல் போடு."

"யாரு சொன்னா?"

"அங்க வேற யாரு இருந்தா, வெலிச்கா?"

அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், யார் கேட்டாலும் பரவாயில்லை என்று அழுதாள். நானும் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு நைதென் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஏன் பேசாமல் வந்தான் என்பதையும் சொன்னேன். அவள் பென்சிலை எடுத்து அந்தப் புள்ளியின்மேல் ஒரு கோடு இழுத்தாள், குறுக்கே இன்னொன்று.

"முட்டாப் பய," என்றாள் பென்சிலைக் கீழே வைத்தபடி. "அவன் சிரிச்சாலே அவரு கண்டுபிடிச்சிருவாரு, அது நெசந்தான்."

புறப்படும்போது வாசலில் நின்றாள். "இந்தத் தொப்பிக்காரன் கதை வேணாம். அவன் தூங்கினதையே எழுதுங்க. எல்லாத்தையும் அப்படியே எழுதுங்க. கோதுமையையும் எழுதுங்க, நான் குடுக்காததை. எழுதி முடிச்சா மூணா வெட்டி அவன்கிட்ட மொதல்ல குடுங்க."

"உனக்கு?"

"எப்பவும் போலத்தான். அவன் படிச்சிட்டுக் குடுப்பான்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "நடுவுல இப்ப ஆள் இல்ல."

7

நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான்.

இதுவரை எழுதி முடித்து, என்னுடைய ரொட்டிக் கத்தியால் மூன்றாக வெட்டினேன். தன் புத்தகத்தைத் தானே வெட்டுவது வேறு மாதிரி வலி. மூன்று துண்டையும் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். வருஷத் தாளுக்கு எழுதிய இரண்டு வரியை அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். கீழே "வெலிச்கா" என்று இருக்கிறது, பக்கத்தில் இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். அங்கே யார் பெயர் என்று அச்சகக்காரன் தினமும் என்னைக் கேட்கிறான்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) நைதென் முதல் துண்டைப் படிக்கட்டின் மேல்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். மழை பெய்து எழுத்தெல்லாம்... [வேண்டாம். மறுபடி மூடுபனி வேலை.]

ஆ) அவன் படிக்கவே இல்லை. ஊரைவிட்டுப் போய்விடுகிறான். தாளில் ஒரே பெயர். [இதுதான் நடக்கக்கூடியது என்று என் வயது சொல்கிறது. எழுதக் கை வரவில்லை.]

இ) அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, ரொட்டிப் பையைப் பிரித்து, லியூபெனின் கடைசிப் பென்சில் குறி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சேர்ந்து

மூன்றாவதை முடிக்காததற்குக் காரணம், நேற்று சாயங்காலம். ஜன்னலோரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கீழ்க்கதவு திறந்தது. நைதென் வெளியே வந்தான். சவரம் செய்திருந்தான். ஒரு கையில் நான் கொடுத்த தாள்களில் முதல் துண்டு. இன்னொரு கையில் சுருட்டிய ரொட்டிப் பை. படிக்கட்டின் பாதியில் நின்றான். மாடியில் நடந்துகொண்டிருந்தவள் நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் தலை நிமிர்ந்தது. பிறகு மறுபடி ஏறினான்.

அவன் விரல் மாடிக் கதவில் பட்டதும் நான் திரையை இழுத்துவிட்டேன். திட்டாதீர்கள். அந்த வீட்டில் முன்னால் தெரிந்துகொண்டவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லக் கூடாது. அதைவிட, அந்த வரிசையில் நான் எப்போதும் இருந்ததில்லை. கத்தி பலகைமேல் கிடந்தது. காது மட்டும் அந்தப் பக்கமே இருந்தது, அதற்குத் திரை கிடையாது. கேட்டதை எழுதமாட்டேன்.

ஆகவே இரண்டு வரி மட்டும் தருகிறேன். முதல் வரிக்கு நானே கூட்டல் போட்டுவிட்டேன், என் கண்ணால் பார்த்தது. இரண்டாவதற்குப் பக்கத்தில் ஓரம் காலியாக இருக்கிறது. பென்சில் உங்களிடம் இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு படிக்கட்டு இருந்தால், அவசரப்படாமல் போடுங்கள்.

நைதென் கதவைத் தட்டினான். +

வெலிச்கா திறந்தாள்.